வேல்ஸ்காரருக்குத் துணையிருந்த பகல்

"இந்த நாட்டில் வழி கேட்க வேண்டுமானால் ஆட்டிடம் கேட்பது நல்லது. மனிதனிடம் கேட்டால் முதலில் தன் பாட்டனார் பெயரைச் சொல்வான், பிறகு அவருடைய பாட்டனார் பெயரை. வழிக்கு வருவதற்குள் இருட்டிவிடும். ஆடு வளவளவென்று பேசாது. நேரே வீட்டுக்குப் போகும். பின்னாலேயே போனால் போதும்."

சாவித்ரி இதைத் தமிழில் எழுதிப் படித்துக் காட்டியபோது, எம்ரிஸ் கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஆங்கில மூலம் முழுக்க மனப்பாடம். சாவித்ரி ஒவ்வொரு வேடிக்கைக்கும் முன்னால் விரலை உயர்த்துவாள். விரல் உயர்ந்ததும் அவர் சிரிக்கத் தொடங்குவார். சிரிப்பு இருமலாக மாறும். அவரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வந்து, பக்கத்தில் மருந்து கலக்கிக்கொண்டிருக்கும் பொன்செல்வி ஓடிவந்து முதுகைத் தடவுவாள்.

"மாமி, நீங்க சிரிக்க வச்சே அய்யாவ அனுப்பிருவிய போல இருக்கே."

"என்ன சொல்கிறாள்?" என்று எம்ரிஸ் கேட்பார்.

"உங்கள் உடம்பு தேறிவருகிறது என்கிறாள்."

"பொய். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை."

எம்ரிஸும் அவர் மனைவி நெரிஸும் வேல்ஸ் மலைக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. அங்கே குளிர் தாங்காது என்பதால் சில வருஷங்களாக மழை முடிகிற சமயத்தில் திருவனந்தபுரம் வந்து, ஸ்ரீவராகத்தில் சாவித்ரியின் வீட்டு மாடியில் தங்குவார்கள். இந்த வருஷம் மழை முடியுமுன்பே வந்துவிட்டார்கள். மாடி ஏறத் தெம்பில்லாமல் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

எம்ரிஸுக்கு ஒரு விநோதமான பித்து உண்டு. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன்காரர்கள் குதிரையில் வேல்ஸுக்குப் போய்ச் சுற்றிவிட்டு, திரும்பி வந்து, அந்த ஜனங்களைக் கேலி செய்து சிறு புத்தகங்கள் போடுவது வழக்கமாம். வேல்ஸ்காரன் பரம ஏழை, ஆனால் அரசன் மாதிரிக் கர்வம். கனவில்கூட சுட்ட பாலாடைக்கட்டி சாப்பிடுவான். ஆடும் அவனும் ஒரே அறையில் படுப்பார்கள். இந்த மாதிரிப் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினார் எம்ரிஸ்.

"தன்னைத் திட்டி எழுதியதைக் காசு கொடுத்து வாங்குகிறவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்" என்பார்.

சாவித்ரி கணக்காயர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அவ்வப்போது நகைச்சுவைக் கட்டுரை எழுதுவாள். பள்ளியில் படித்த நாளில் மலையாளப் பிள்ளைகள் தமிழச்சி என்று கேலியாகத் தன்னைப் 'பாண்டி' என்று கூப்பிட்டதும், தன் டிபன் டப்பாவை மோந்து பார்த்ததும் அவளுக்கு மறக்கவில்லை. அதனால் எம்ரிஸின் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குப் புரிந்தது. நாமே முதலில் சிரித்துவிட்டால் மற்றவர் சிரிப்பு அவ்வளவாகக் குத்தாது. அவர் வைத்திருந்த புத்தகங்களில் ஒன்றைத் தமிழாக்க எடுத்துக்கொண்டாள்.

அதில் சாவு வீட்டைப் பற்றி ஓர் இடம் வரும். எம்ரிஸ் அதைச் சிரிக்காமல் கேட்பார்.

"எங்கள் ஊரில் புதைப்பதற்கு முந்தின இரவு பிணத்தைத் தனியே விடமாட்டார்கள்" என்று நெரிஸ் விளக்கினாள். "அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஜபம் உண்டு. கதை உண்டு, விடுகதை உண்டு, சிரிப்பும் உண்டு. இப்போது பல இடங்களில் நின்றுபோய்விட்டது. எங்கள் கிராமத்தில் என் அப்பாவுக்குச் செய்தோம்."

"எனக்கும் செய்வாள்" என்றார் எம்ரிஸ். "இந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும், சாவித்ரி. வேறு எதுவும் வேண்டாம். பாதிரியார் பேசினால் நான் தூங்கிவிடுவேன்."

ஐப்பசி முதல் வாரத்தில் ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது.

*

தூதரகத்துக் காகிதங்கள் வர இரண்டு மூன்று நாள் ஆயிற்று. ஊருக்குக் கொண்டுபோக வசதியில்லை. நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்னச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடைத்தது. அதுவரை எம்ரிஸ் சவக்கிடங்கில் கிடந்தார். நெரிஸ் ஒவ்வொரு நாளும் போய் வெளியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, இருட்டியதும் காவல்காரர் போகச் சொன்ன பிறகு திரும்பி வந்தாள். பொன்செல்வி கூடவே போனாள். சம்பளம் முடிந்துபோயிருந்தது, ஆனாலும் போனாள்.

"ஒத்தையில கெடக்காவ மாமி. அந்த அம்மா சொவத்துல கைய வச்சிக்கிட்டே உக்காந்திருக்கு. உள்ள அந்தப் பக்கம் அய்யா இருக்காவளாம்."

காகிதங்கள் வந்த அன்று நெரிஸ் சாவித்ரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஓர் இரவு. புதைப்பதற்கு முன்னால் ஒரே ஓர் இரவு அவரை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

மாடிப்படி குறுகல். பெட்டி ஏறாது. கொண்டுவந்தால் கீழே, சாவித்ரியின் கூடத்தில்தான் வைக்க வேண்டும். பூஜை அறைக் கதவுக்கு நேர் எதிரே. சாவித்ரி அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவள் யோசித்தது தெருவைப் பற்றி.

தெருக்கோடியில் பிள்ளையார் கோயில். தெருவில் பிரேதம் கிடந்தால் நடை திறக்கக்கூடாது. எடுத்துப் போன பிறகுதான் பூஜை. அதனால் இந்தத் தெருவில் சாவு என்றால் எல்லாமே அவசரம். நாலு வருஷத்துக்கு முன்னால் சாவித்ரியின் கணவர் விடியற்காலையில் போனார். தெரு அசோசியேஷன் செக்ரட்டரி சாம்பசிவன்தான் ஓடியாடி எல்லாம் செய்தார், பாவம், மனசாரச் செய்தார். "நடை திறக்கணும், நடை திறக்கணும்" என்று சொல்லிக்கொண்டே செய்தார். வெயில் ஏறுமுன் எடுத்தாயிற்று. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. சாவித்ரி வாசற்படியோடு நின்றாள். புனேயிலிருந்து விமானத்தில் வந்த மகள் ஜானவி கண்டது ஒரு மண்கலயத்தை. அதிலிருந்த அஸ்தியையும் திருவல்லத்து ஆற்றில் கரைத்துவிட்டார்கள். கூடத்தில் கணவர் பக்கத்தில் தான் எவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்று சாவித்ரி பிற்பாடு நினைத்துப் பார்த்ததுண்டு. உட்கார்ந்ததாகவே நினைவில்லை. பசும்பால் எங்கே, தர்ப்பை எங்கே என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

சாம்பசிவன் வீட்டுக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டார்.

"சாவித்ரி, நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லே. ஆனா ராத்திரி பூரா வச்சுண்டா அத்தாழ பூஜை கிடையாது, கார்த்தால நிர்மால்யம் கிடையாது. அசோசியேஷன்ல என்னை உரிச்சு உப்பு தடவிடுவா."

"அவா வழக்கத்துல ஒத்தையில விடப்படாதாம் அண்ணா."

"மார்ச்சுவரியில வாட்ச்மேன் உண்டல்லோ."

சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாகப் படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாடகைக்கு இருந்தவர். நல்ல மனுஷர், இல்லேன்னு சொல்லலே. ஆனா நம்ம தெருவோட முறைன்னு ஒண்ணு இருக்கே. உங்காத்து மாமாவுக்கே நாம அப்படித்தானே பண்ணினோம்."

"ஆமாம்" என்றாள் சாவித்ரி. "அப்படித்தான் பண்ணினோம்."

திரும்பி வரும்போது உச்சி வெயில் மங்கி மழை கூடிக்கொண்டிருந்தது. கோயில் நடை அடைத்திருந்தது. உச்ச பூஜை முடிந்தால் சாயங்காலம்தான் திறப்பு. படியில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. சாவித்ரி மூடிய கதவுக்கு முன்னால் நின்று, பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளையாருக்கு இது தூங்கும் நேரம். யார் வந்தாலும் போனாலும் அவருக்குத் தெரியாது.

அப்படியே திரும்பிச் சாம்பசிவன் வீட்டுக்கு நடந்தாள்.

"நடை அடைச்சதுக்கு அப்புறம் கொண்டுவந்து, திறக்கறதுக்கு முன்னாடி கொண்டுபோயிட்டா?"

அவர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். "அது பகலாச்சே. அவாளுக்கு ராத்திரின்னா வேணும்?"

"ராத்திரியை நான் பண்ணிக்கறேன்."

"கிண்டலா?"

"இல்லே அண்ணா."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "முறைக்கு ஒண்ணும் பங்கமில்லையே, பின்னே என்னவாம்" என்றாள். சாம்பசிவன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நடை திறக்கறதுக்குள்ளே தெருவை விட்டுப் போயிடணும். நானே வந்து நின்னு பார்ப்பேன்" என்றார்.

"வாங்கோ. நாலு பேர் வந்து உட்காரணும்னுதானே அவா வழக்கமே."

*

பொன்செல்வியின் புருஷன் வேல்சாமி கட்டட வேலை பார்க்கிறவன். மறுநாள் காலையில் சைட்டிலிருந்து ஒரு நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து, கூடத்து முற்றத்தின் மேல் இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போனான். ஜன்னல்களைச் சாத்தினார்கள். சாவித்ரி வாசல் கோலத்தை ஈரத்துணியால் அழித்தாள். பூஜை அறைக் கதவைச் சாத்தி, "கொஞ்ச நேரம் கண்ணை மூடிண்டிரு" என்று மனசுக்குள் சொன்னாள். கூடம் ஆழ்ந்த நீல நிறத்தில் இருண்டது.

உச்ச பூஜை மணி ஓய்ந்த பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. டிரைவரும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாவித்ரிக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: தலை தெற்கே, தலைமாட்டில் ஒற்றைத் திரி விளக்கு. அதைச் செய்தாள். நெரிஸ் ஒரு தட்டில் உப்பு கேட்டாள். கல்லுப்பைக் கொண்டுவந்து கொடுத்ததும், அதை அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். அவர்கள் பாட்டி காலத்து வழக்கமாம். லண்டன்காரன் அதையும் கேலி செய்திருந்தான்: பன்றிக்கறி என்று நினைத்து மனிதனை ஊறவைக்கிறார்கள் என்று.

நெரிஸ் சுற்றிப் பார்த்தாள். தார்ப்பாய், சாத்திய ஜன்னல்கள், விளக்கு.

"இருட்டிவிட்டதே" என்றாள். முகம் கோணிக்கொண்டது. "இதைப் பார்த்திருந்தால் அவர் எப்படிச் சிரித்திருப்பார்." அப்புறம் வெகு நேரம் அழுதாள். பொன்செல்வி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். இருவருக்கும் ஒரு பொது பாஷை கிடையாது.

வந்திருந்தவர்களுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது வேல்ஸ் முறை. பிரேதம் இருக்கும் வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது ஸ்ரீவராகத்து முறை. சாவித்ரி கை பிசைந்துகொண்டு நிற்கும்போது சாம்பசிவன் குடையோடு வந்தார். இன்னொரு கையில் பெரிய ஃபிளாஸ்க்.

"காப்பி. ஆத்துக்காரி கொடுத்தனுப்பினா. நான் உட்கார வரலே. டைம் பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு நிலைப்படிக்கு உள்பக்கம் சுவரோரமாக நின்றார்.

பொன்செல்வி பேக்கரியில் வாங்கிவந்த ரொட்டியும் சீஸும் இருந்தன. மழை பிடித்துக்கொண்டது. இடி இடித்து, தார்ப்பாய் மேல் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் நடுவில் தண்ணீர் தேங்கி, தார்ப்பாய் பெரிய வயிறு மாதிரிக் கீழே இறங்கியது. அதற்குக் கீழே சற்றுத் தள்ளி எம்ரிஸின் பெட்டி.

"அய்யோ, பொத்துக்கிட்டு ஊத்தப் போவுது மாமி."

பொன்செல்வி ஒட்டடைக் கம்பை எடுத்தாள், அவளுக்கு எட்டவில்லை. சாம்பசிவன் நெட்டையானவர். "இங்கே கொடு" என்று வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் வந்து, தார்ப்பாயின் வயிற்றை மெல்ல மேலே தள்ளினார். தண்ணீர் ஓரமாக வழிந்து முற்றத்துச் சாக்கடையில் விழுந்தது. கம்பை இறக்கினார். மறுபடி தேங்கியது. மறுபடி தள்ளினார். அப்புறம் இறக்கவே இல்லை. கைகளை உயர்த்தியபடி பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"படியுங்கள், சாவித்ரி" என்றாள் நெரிஸ்.

சாவித்ரி படித்தாள். ஆட்டிடம் வழி கேட்பதைப் படித்தாள். வீட்டுக்காரன் தன் வம்சாவளியைச் சொல்லத் தொடங்கியதைப் படித்தாள்: "சாயங்காலம் ஆரம்பித்தான். நான் சாப்பாடு வருமென்று காத்திருந்தேன். ஜலப்பிரளயத்து நோவா வரை வந்துவிட்டான், சாப்பாடு வரவில்லை. வீட்டில் சாப்பாடு இல்லை என்பதால்தான் மூதாதையரைப் பரிமாறுகிறான் என்று அப்புறம் தெரிந்தது."

விரல் உயர்ந்ததும் நெரிஸ் சிரித்தாள். பொன்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு, "எங்க மாமனார் இதேதான்" என்றாள். "சோத்துக்கு இல்லன்னா ராசா கதைதான் அவுத்து வுடுவாரு." கம்பை உயர்த்திப் பிடித்திருந்த சாம்பசிவனின் வயிறு குலுங்கியது, தார்ப்பாயும் குலுங்கிற்று.

பிறகு சாவித்ரி சாவு வீட்டைப் பற்றிய அந்த இடத்துக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இந்த மூடர்கள் உயிரோடிருப்பவனை இருட்டில் மலைப்பாதையில் தனியே அனுப்புவார்கள், செத்தவனை மட்டும் ஓர் இரவுகூடத் தனியே விடமாட்டார்கள். நான் போன வீட்டில் ஊரே கூடியிருந்தது. கிழவன் ஒருவன் விடுகதை போட்டான். எல்லாரும் சிரித்தார்கள், செத்தவன் ஒருவனைத் தவிர. அவனும் சிரித்திருப்பான், விடை தெரிந்திருந்தால். விதவையிடம் கேட்டேன், எதற்கம்மா இத்தனை கூட்டம் என்று. அவர் இதற்கு முன் அந்த இடத்துக்குப் போனதில்லை ஐயா, பழக்கமில்லாத இடம், கிளம்புகிற வரையாவது துணை வேண்டாமா என்றாள். அடடா, என்ன நாடு. வெளியே மழை. எனக்குப் பாலாடைக்கட்டி கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்."

சாவித்ரி தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றார் சாம்பசிவன்.

"அடுத்த அத்தியாயத்துல வேற ஊருக்குப் போயிடறான்."

"அந்த வீட்டிலேருந்து எப்போ கிளம்பினான்?"

"அதை எழுதலே அண்ணா. எம்ரிஸ் அடிக்கடி சொல்வார். கேலி பண்ண வந்தவன், எப்போ எழுந்து போனான்னு மட்டும் எழுதலே, கவனிச்சியான்னு. விடியற வரைக்கும் இருந்திருப்பான், வெளியில சொல்லிக்க வெட்கம்னு சொல்வார்."

சாம்பசிவன் தார்ப்பாயை இன்னொரு தரம் மேலே தள்ளினார். சற்றுக் கழித்து, "கை மரத்துப்போறது" என்றார். பொன்செல்வி கம்பை வாங்க வந்தபோது, "வேண்டாம், காப்பியை மட்டும் ஒரு வாய் கொடு" என்றார். தீட்டு வீட்டில் அவர் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடித்து யாரும் பார்த்ததில்லை. பொன்செல்வி டம்ளரை அவர் வாயருகே பிடிக்க, அண்ணாந்து குடித்தார்.

அதன் பிறகு யாரும் படிக்கவில்லை. நெரிஸ் தாழ்ந்த குரலில் தன் பாஷையில் ஒரு தோத்திரம் சொன்னாள். சாவித்ரி தனக்குத் தெரிந்த சுலோகத்தை உதட்டுக்குள் சொன்னாள். பொன்செல்வி எம்ரிஸின் சட்டைப் பொத்தான் ஒன்று கழன்றிருந்ததைப் பார்த்துப் போட்டுவிட்டாள்.

ஆம்புலன்ஸ்காரன் வாசலில் வந்து எட்டிப் பார்த்தான். சாம்பசிவன் திடுக்கிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நடை திறக்கும் நேரம் தாண்டியிருந்தது. டைம் பார்க்க வந்தவர் டைம் பார்க்கவே இல்லை. கம்பைப் பொன்செல்வியிடம் கொடுத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் தெருவில் இறங்கி ஓடினார். சாவித்ரி பின்னாலேயே வாசலுக்கு வந்து பார்த்தாள்.

கோயில் கதவு சாத்தியே இருந்தது. பூஜை செய்யும் போற்றி படியில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். சாவி இடுப்பில் தொங்கியது. மழை அநேகமாக நின்று, தூறல்தான் மிச்சம்.

"போற்றி, நடை..." என்று மூச்சுவாங்கினார் சாம்பசிவன்.

"மழ நல்லா விடட்டே ஸ்வாமி" என்றார் போற்றி, வானத்தைப் பார்த்தபடி. "கதவு நனஞ்சு வீங்கியிருக்கு. திறக்கான் கஷ்டமாணு. எந்தா இத்ர அவசரம்? அவரு போயிட்டு வரட்டே."

அது தேக்குக் கதவு. எந்த மழைக்கும் வீங்கி யாரும் பார்த்ததில்லை. சாம்பசிவனும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டி தெருவைத் தாண்டிப் போனபோது போற்றி எழுந்து நின்றார். பிறகு போய்க் குளத்தில் முழுகிவிட்டு வந்து நடையைத் திறந்தார். அன்று தீபாராதனை தாமதம். வந்து காத்திருந்தவர்கள் யாரும் காரணம் கேட்கவில்லை. பிள்ளையாரும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

சாவித்ரி கல்லறைக்குப் போகவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு நின்ற அதே வாசற்படியில் நின்றாள். வண்டி திரும்பியதும் உள்ளே வந்து தார்ப்பாயை அவிழ்த்தாள். கூடத்தில் வெளிச்சம் வந்து விழுந்தது. அந்த வெளிச்சம் அவளுக்குப் பிடிக்கவில்லை. கூடத்தைக் கழுவிவிட்டாள். தலைக்குக் குளித்தாள். அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்தாள்.

நன்றாக இருட்டிய பிறகு நெரிஸ் திரும்பி வந்தாள். செருப்பில் செம்மண் அப்பியிருந்தது. பொன்செல்வி அவளை வாசலில் விட்டுவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். மறுநாள் நெரிஸுக்கு விமானம். மாடிக்குப் போகாமல், இன்னும் ஈரம் காயாத கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். சாவித்ரி கஞ்சியைக் கொடுத்தாள். அவள் பாதி குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"உங்கள் கணவரும் இங்கேதான் இருந்தாரா?"

"இதே இடத்தில்தான்."

"யார் உட்கார்ந்திருந்தார்கள்?"

சாவித்ரி யோசித்தாள். "நேரமில்லை" என்றாள்.

நெரிஸ் சிறிது தள்ளி உட்கார்ந்து, தன் பக்கத்துத் தரையைக் கையால் தட்டினாள். சாவித்ரி உட்கார்ந்தாள். அறுபது தாண்டிய இரண்டு பெண்கள் ஒன்றுமில்லாத தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அவரைப் பற்றி வேடிக்கையாக ஏதாவது சொல்லுங்கள்" என்றாள் நெரிஸ்.

சாவித்ரிக்கு ஒன்றும் வரவில்லை. ஊருக்கெல்லாம் நகைச்சுவை எழுதுகிறவள், நாலு வருஷமாக அந்தப் பக்கம் மனசைத் திருப்பியதே இல்லை. கோயிலில் மணி அடித்து ஓய்ந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அவருக்கு ஸ்கூட்டர் ஓட்ட வரவே வராது" என்றாள் சாவித்ரி. "வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்." நிறுத்தினாள். பிறகு, சரியான இடம் வருகிறது என்பதைக் காட்ட, ஒரு விரலை மெல்ல உயர்த்தினாள்.